மூணு நாள் ஞாபகம்

எங்கள் ஃப்ளாட்ஸில் மொத்தம் இருபத்து நாலு வீடு. அதில் இருபத்து மூணு வீட்டுக்காரர்கள் புத்திசாலிகள். மீதி ஒரு ஆள்தான் அசோஸியேஷன் செக்ரட்டரி. நான்.

இந்தப் பதவிக்கு நான் போட்டியெல்லாம் போடவில்லை. ஜெனரல் பாடி மீட்டிங்கில், காபி வந்துவிட்டதா என்று பார்க்க எழுந்து வெளியே போனேன். திரும்பி வருவதற்குள் என்னை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்து, கையும் தட்டி முடித்திருந்தார்கள். காபி கடைசிவரை வரவில்லை.

செக்ரட்டரி ஆனவன் ஏதாவது ஒரு புரட்சி பண்ணியாக வேண்டும். முன்னால் இருந்தவர் மாடியில் வாட்டர் டேங்க்குக்கு மூடி போட்டார். அதற்கு முன்னால் இருந்தவர் லிஃப்ட்டில் கண்ணாடி மாட்டினார். நான் கேமரா வைப்பதென்று முடிவு பண்ணினேன். சென்னைப் போலீஸ் 'மூன்றாவது கண்' என்று ஊர் பூராவும் பிரசாரம் பண்ணி, தெருவுக்குத் தெரு கேமரா வந்துவிட்டிருந்த நேரம். பக்கத்து ஃப்ளாட்ஸில் நாலு வைத்திருந்தார்கள். ஆகவே எங்களுக்கு எட்டு.

கேமரா மாட்ட வந்த பையன் கொடுத்த கொட்டேஷனில் கடைசி வரி: ஹார்ட் டிஸ்க், நாலாயிரத்துச் சொச்சம்.

"இது எதுக்குப்பா?"

"கேமராவுல தெரியுறது எல்லாம் அதுலதான் ஸார் பதிவாகும்."

"எங்கிட்ட ஒரு பழைய டிஸ்க் சும்மா கெடக்கு. ஒரு டெராபைட். அதைப் போட்டா?"

பையன் ஒரு கணம் யோசித்தான். "போடலாம் ஸார். ஓடும்."

"எத்தனை நாள் நிக்கும்?"

"ஒரு மாசம் நிக்கும் ஸார்" என்றான். 'எத்தனை பேர் சாப்பிட வருவாங்க?' என்று கேட்டால் சமையல்காரர் சொல்வாரே, அந்த மாதிரி பட்டென்று.

அது என் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய டிஸ்க். ஆறு வருஷம் என் இன்கம்டாக்ஸ் கணக்கையும், கல்யாண ஆல்பத்தையும், பெயர் சொல்ல விரும்பாத நாலைந்து படங்களையும் சுமந்த டிஸ்க். அசோஸியேஷனுக்கு நன்கொடையாகக் கொடுத்தேன். அடுத்த மீட்டிங்கில், நாலாயிரம் மிச்சம் பிடித்ததற்காக மினிட்ஸில் எனக்கு நன்றி தெரிவித்து எழுதினார்கள். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. இப்போது அதைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறேன்.

* * *

மே மாதம். மூணாவது மாடி பேங்க் மேனேஜர் குடும்பத்தோடு பத்து நாள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினார். வந்த அரை மணி நேரத்தில் என் வீட்டுக் காலிங்பெல் அலறியது.

"ஸார், பையனோட சைக்கிளைக் காணோம். கியர் சைக்கிள். பதினெட்டாயிரம்!"

கீழே போனோம். சைக்கிள் நின்ற தூணில் ஒரு சிலந்திதான் இருந்தது. அரை டஜன் பேர் கூடிவிட்டார்கள். பையன் தலை குனிந்து நின்றான். பாவம், சைக்கிள் போன துக்கம் என்று நினைத்தோம்.

எங்கள் வாட்ச்மேன் திண்டிவனம் பக்கத்துக்காரர். வயது அறுபதை ஒட்டி. நாலு வருஷமாக இருக்கிறார். தண்ணி லாரி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை லிட்டர் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைப்பார். என் ஆடிட்டர் கணக்கில்கூடத் தப்பு வந்திருக்கிறது; அந்த நோட்டில் வந்ததில்லை.

"பெரியவரே, சைக்கிளை யாராவது எடுத்துட்டுப் போனதைப் பாத்தீங்களா?"

"இல்லீங்க ஸார்."

"நைட்டுல தூங்கிட்டீங்களா?" என்றார் முதல் மாடி. இவர் பகலிலேயே தூங்குகிறவர்.

பெரியவர் கோபப்படவில்லை. சுவரில் இருந்த கேமராவைக் கையால் காட்டினார். "அதான் மிசின் இருக்குதே ஸார். அதுல போட்டுப் பாருங்க. பத்து நாளும் பாருங்க. நான் எங்கியும் போகல, இங்கியேதான் குந்திக்கினு இருக்கேன்."

அந்த மனிதருக்கு கேமரா மேல் அவ்வளவு நம்பிக்கை. எனக்குக்கூட அவ்வளவு இருந்ததில்லை.

வாட்ச்மேன் ரூமில்தான் டி.வி.ஆர். பெட்டி. மௌஸைப் பிடித்து 'ப்ளேபேக்' போட்டேன். ஒரு காலண்டர் வந்தது. பதிவு இருக்கிற தேதிகளில் கலர் அடித்திருக்கும். முப்பது நாளில் மூணே மூணு கட்டத்தில்தான் கலர். வியாழன், வெள்ளி, சனி. அதற்கு முன்னால் சுத்தமாக வெள்ளை.

அந்த மூணு நாளிலும் ஒரு பூனை குறுக்கே போனது. பால்காரர் வந்தார். அதிலும் ஒரு கூத்து. அவர் வருவது காலை அஞ்சு மணிக்கு. திரையில் ஏழரை. பெட்டி சீனாவில் செய்தது. அதை மாட்டின பையன் நேர மண்டலத்தை மாற்றாமலே போய்விட்டான். எங்கள் கேமரா ஒரு வருஷமாக பெய்ஜிங் டயத்தில், நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் வாழ்ந்துகொண்டிருந்திருக்கிறது.

"மத்த நாளெல்லாம் எங்கே ஸார்?"

"தெரியலையே..."

"தெரியலையா? கேமரா இருக்கு, பதிவு இல்லைன்னா என்ன அர்த்தம்? யாரோ அழிச்சிருக்காங்க."

"பெட்டி யார் ரூம்ல இருக்கு?"

அத்தனை தலையும் ஒரே திசையில் திரும்பின. அந்தப் பெரியவருக்கு மௌஸ் என்றால் எலி. ஆனால், அந்த நிமிஷம் அவர் கம்ப்யூட்டர் நிபுணராகிவிட்டார்.

எனக்கு அப்போது கணக்கு தெரியாது. ஆனால், ஒன்று தெரியும். உள்ளே இருப்பது என் பழைய டிஸ்க். அதைச் சொல்லியிருக்கலாம். 'டிஸ்க்கில ஏதாவது கோளாறா இருக்கும், விசாரிக்கலாம்' என்று ஒரு வரி. தொண்டை வரை வந்தது. மினிட்ஸில் எழுதின நன்றி ஞாபகம் வந்தது. முழுங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் பெரியவர் இல்லை. மேஜை மேல் டார்ச், விசில், சாவிக்கொத்து, நாற்பது பக்க நோட்டு. அதில் கடைசி வரி: அன்றைக்கு விடியற்காலையில் வந்த லாரி, 12,000 லிட்டர்.

* * *

பத்து நாள் கழித்து ரிச்சி ஸ்ட்ரீட் போனேன், வேறு டிஸ்க் வாங்க. இடுக்கு மாதிரி ஒரு கடை. கல்லாவில் இருந்த இளைஞருக்கு முப்பது வயது இருக்கும்.

"ஒரு டெராபைட்டில எட்டு கேமரா, ஒரு மாசம் நிக்கணும். ஆனா மூணு நாள்தான் நிக்குது. டிஸ்க் ரிப்பேரா?"

அவர் சிரித்தார். "டிஸ்க் சரியாத்தான் ஸார் சொல்லியிருக்கு. கணக்குப் போட்டீங்களா?"

ஒரு பில்லின் முதுகில் எழுதிக் காட்டினார். நீங்களும் ஒரு பேனா எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் கிளாஸ் கணக்குதான்.

கேமரா விநாடிக்கு எத்தனை மெகாபிட் அனுப்புகிறது என்று செட்டிங்கில் 'பிட் ரேட்' என்று ஒரு இடத்தில் இருக்கும். எங்களுடையது 4. எட்டு பிட் ஒரு பைட். ஆக, 4-ஐ 8-ஆல் வகுத்தால் விநாடிக்கு அரை மெகாபைட். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. பெருக்கினால் 43,200 மெகாபைட். அதாவது, ஒரு கேமரா ஒரு நாளைக்கு 43.2 ஜிகாபைட் சாப்பிடுகிறது. எட்டு கேமராவுக்கு 345.6 ஜிகாபைட். ஒரு டெராபைட் என்பது 1,000 ஜிகாபைட். வகுத்துப் பாருங்கள், மூணு நாள்கூட முழுசாக வராது.

"நிரம்பினா என்ன ஆகும்?"

"பழசை அழிச்சுட்டு அது மேலயே புதுசை எழுதும் ஸார். கரும்பலகை மாதிரி. அது நல்லதுதான். அந்த ஆப்ஷனை ஆஃப் பண்ணி வெச்சா, நிரம்பினதும் பதிவே நின்னுரும். அது இன்னும் மோசம்."

'யாரோ அழிச்சிருக்காங்க' என்றார்களே, அது உண்மைதான். அழித்தது அந்தப் பெட்டி. அழிக்க வைத்தது நான்.

அந்த பில் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

* * *

கடைக்காரர் சுலபத்தில் விடவில்லை. "டிஸ்க் என்ன டிஸ்க்?" என்றார். சொன்னேன். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வீட்டுக் கம்ப்யூட்டர் டிஸ்க் என்பது கவர்மென்ட் ஆபீஸ் மாதிரி. பகலில் வேலை, நடுநடுவே டீ, ராத்திரி லீவு. எழுதுவதைவிடப் படிப்பதுதான் அதிகம். கேமரா டிஸ்க் பிரசவ ஆஸ்பத்திரி மாதிரி. இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். படிப்பது எப்போதாவது ஒரு சைக்கிள் காணாமல் போனால்தான்.

இந்த உழைப்புக்கென்றே தனி ரகம் இருக்கிறது. வெஸ்டர்ன் டிஜிட்டலில் 'பர்ப்பிள்', சீகேட்டில் 'ஸ்கைஹாக்'. இவற்றுக்கு வருஷத்துக்கு 180 டெராபைட் வரை வேலை வாங்கலாம் என்று கம்பெனிக்காரர்களே அளவு சொல்கிறார்கள். சாதா டிஸ்க்குகளுக்கு அவர்கள் சொல்கிற அளவு 55. எங்கள் எட்டு கேமராவும் சேர்ந்து என் பழைய டிஸ்க்கில் எழுதினது வருஷத்துக்கு 126 டெராபைட். ரிட்டையரான ஆளைக் கூப்பிட்டு ரெண்டு ஷிஃப்ட் மூட்டை தூக்க விட்டிருக்கிறேன்.

இன்னொரு வித்தியாசம் குணத்தில். சாதா டிஸ்க்கில் ஒரு இடம் கெட்டிருந்தால், அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் படித்து மல்லுக்கட்டும். பைசா டாலி ஆகாமல் வீட்டுக்குப் போகாத அந்தக் காலத்து பேங்க் கிளார்க் மாதிரி. உங்கள் கணக்கு வழக்குக்கு அது அவசியம். ஒரு எண் போனாலும் போச்சு. ஆனால் கேமராவில் இது அங்கே மல்லுக்கட்டுகிற நேரத்தில் எட்டு கேமராவின் படமும் வாசலில் நின்று, கடைசியில் விழுந்துவிடும். கேமராவுக்கென்று செய்த டிஸ்க் பஸ் கண்டக்டர் மாதிரி. சில்லறை இல்லையா, அப்புறம் பார்த்துக்கலாம், 'போலாம் ரைட்!' ஒரு துணுக்குப் படம் போனால் போகட்டும், வண்டி நிற்கக் கூடாது.

"சி.எம்.ஆரா, எஸ்.எம்.ஆரான்னும் கேட்டு வாங்குங்க ஸார்" என்றார்.

அது என்ன என்றால், ஓட்டு வீடு. எஸ்.எம்.ஆர். ரகத்தில் தடங்களை ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏற்றி எழுதுகிறார்கள். அதே இடத்தில் அதிகம் கொள்ளும், விலையும் சல்லிசு. ஆனால் நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமானால் பக்கத்து வரிசையையும் கலைத்து அடுக்க வேண்டும். சும்மா சேர்த்து வைக்கிற சாமானுக்கு இது போதும். பழசின் மேல் புதுசாக ஓயாமல் எழுதுகிற வேலைக்கு, தடங்கள் தனித்தனியாக இருக்கிற சி.எம்.ஆர். நிம்மதி.

இதற்கு நடுவே ஒரு பழங்கதை. உலகத்தின் முதல் ஹார்ட் டிஸ்க் பெட்டியை ஐ.பி.எம். 1956-ல் கொண்டுவந்தது. இருபத்து நாலு அங்குல விட்டத்தில் ஐம்பது தட்டுகள், ஏறக்குறைய ஆள் உயரப் பெட்டி. அதில் கொண்டது மொத்தம் ஐம்பது லட்சம் எழுத்து. எங்கள் மொட்டை மாடிக் கேமரா ஒன்றே அதைப் பத்து விநாடியில் நிரப்பிவிடும். அந்த மாடியில் பத்து விநாடியில் நடப்பது, ஒரு துண்டு காய்வது.

* * *

சரி, முப்பது நாளுக்கு என்ன வழி? டிஸ்க்கைப் பெரிதாக்குவது பாதி வழி. சாப்பாட்டைக் குறைப்பது மீதி.

முதலில், படத்தைச் சுருக்குகிற முறை. எச்.264 என்பது 2003-ல் வந்தது. எச்.265 என்பது 2013-ல். அதே படத்தை ஏறக்குறைய பாதி இடத்தில் அடக்கும். எங்கள் பெட்டியில் இரண்டும் இருந்தது; பையன் பழசில் விட்டுவிட்டுப் போயிருந்தான். மாற்றி, பிட் ரேட்டை 2 என்று வைத்தேன். விநாடிக்கு இருபத்தைந்து படம் வேண்டாம், பதினைந்து போதும். எங்கள் காரிடாரில் யாரும் டான்ஸ் ஆடுவதில்லை.

'அசைவு இருந்தால் மட்டும் பதிவு செய்' என்று ஒரு வசதி உண்டு. கேட்க ஜோராக இருக்கும். ஆனால் எங்கள் ரெண்டாம் நம்பர் கேமரா முன்னால் ஒரு தென்னை மரம். காற்றடித்தால் மட்டை ஆடும், மட்டை ஆடினால் பதிவாகும். ராத்திரியில் லென்ஸ் மேல் சிலந்தி கட்டின வலை காற்றில் ஆடினால்கூட, பெட்டி 'திருடன்' என்று எழுந்து உட்காரும். அதனால், திரையில் மரம் இருக்கிற பகுதியைக் கட்டம் கட்டி 'இதைக் கண்டுக்காதே' என்று சொல்லிவைக்க வேண்டும். வாசல் கேட், வண்டி நிறுத்துமிடம் இரண்டுக்கும் இந்தச் சிக்கனமே கூடாது. எப்போதும் பதிவு. மாடிக்கும் லிஃப்ட் வாசலுக்கும் அசைவுப் பதிவு போதும்.

இருந்தாலும் கணக்குப் போடும்போது எல்லாமே முழு நேரம் ஓடுகிறது என்றே போட வேண்டும். கல்யாணத்துக்கு இலை போடுகிற கணக்கு. ஒரு கேமரா ஒரு நாளைக்கு 21.6 ஜிகாபைட். எட்டுக்கு 172.8. முப்பது நாளுக்கு 5,184 ஜிகாபைட். ஆக, ஆறு டெராபைட் வாங்கினால் முப்பத்து நாலு நாள் நிற்கும். வாங்குவதற்கு முன்னால் பெட்டி ஆறு டெராபைட்டை ஏற்குமா என்று பார்க்க வேண்டும். மாட்டினபின், ஆறு டெராபைட் என்றது திரையில் அஞ்சரையை ஒட்டிக் காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கம்பெனிக்காரர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், பெட்டி 1,024 ஆக எண்ணுகிறது. அவர் படி வேறு, இது படி வேறு. அரிசி ஒன்றுதான்.

"ரெண்டு டிஸ்க் போட்டு ரெய்ட் பண்ணிரலாமா?" என்று கேட்டேன், எங்கேயோ படித்ததை வைத்து. ரெய்ட் என்றால் இன்கம்டாக்ஸ் ரெய்ட் இல்லை. பல டிஸ்க்கைச் சேர்த்து ஒன்று போனாலும் விஷயம் போகாமல் காப்பாற்றுகிற ஏற்பாடு. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பாட்டர்ஸன், கிப்ஸன், காட்ஸ் என்று மூணு பேர் 1988-ல் கட்டுரை எழுதிப் பிரபலமாக்கினது. ரெய்ட் 1 என்றால் ரெண்டு டிஸ்க்கிலும் ஒரே விஷயம். ரெய்ட் 5 என்றால் மூணோ அதற்கு மேலோ டிஸ்க் இருந்து, ஒன்று போனாலும் பாதகமில்லை. ரெய்ட் 6 என்றால் ரெண்டு போகும் வரை தாங்கும். ஆஸ்பத்திரி, பேங்க், பெரிய பாக்டரி என்றால் இது வேண்டும்.

"உங்களுக்கு ஒரு நல்ல டிஸ்க் போதும் ஸார். ரெய்ட் வெச்சாலும், திருடன் பெட்டியையே தூக்கிட்டுப் போனா என்ன பண்ணுவீங்க?"

இதுவும் நடக்கிறது. அதோடு, 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் ஏரியாவில் தரைத்தளத்து வாட்ச்மேன் ரூம்களில் இடுப்பளவு தண்ணீர். இப்போது பெட்டியை முதல் மாடி மீட்டர் ரூமில் பூட்டி, இன்வெர்ட்டர் லைனில் கொடுத்திருக்கிறோம். கரன்ட் பட்டென்று போய்ப் போய் வந்தால் டிஸ்க்குக்கு ஆகாது. 'டிஸ்க் கோளாறு' என்றால் கத்தச் சொல்லி அலாரம் போட்டிருக்கிறேன். கடிகாரத்தையும் பெய்ஜிங்கிலிருந்து இந்தியாவுக்குக் கூட்டி வந்தாகிவிட்டது.

* * *

இதெல்லாம் ஒரு சைக்கிளுக்காகவா என்று கேட்கலாம். இல்லை.

2020 ஜூன். சாத்தான்குளம். காவலில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்று அப்பாவும் மகனும் உயிரிழந்தார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் தன் அறிக்கையில் எழுதினார்: ஸ்டேஷன் கேமராவுக்கு ஒரு டெராபைட் டிஸ்க் இருந்தது. இடம் இருந்தது. ஆனால் பதிவுகள் தினமும் தானாக அழிந்துபோகும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது.

அதைப் பேப்பரில் படித்தபோது எனக்கு 'செட்டிங்' என்ற வார்த்தையின் கனம் தெரியவில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் அந்த பில்லைக் கையில் வைத்திருந்தபோது தெரிந்தது.

அதே வருஷம் டிசம்பர் 2-ம் தேதி, பரம்வீர் சிங் சைனி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது: நாட்டின் எல்லாப் போலீஸ் ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவு பதினெட்டு மாதம் இருக்க வேண்டும்; அதற்கு வசதியான கருவி கிடைக்காவிட்டாலும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது. நம் எட்டு கேமராக் கணக்கையே பதினெட்டு மாதத்துக்குப் போட்டால் ஏறக்குறைய 95 டெராபைட். ஆறு டெராபைட் டிஸ்க்குகள் பதினாறு. ஒரு அலமாரித் தட்டில் அடங்கிவிடும் சமாசாரம்தான். ஒருவருடைய வார்த்தைக்குச் சாட்சி இருக்கிறதா, இல்லையா என்பது சில சமயம் அந்த அலமாரித் தட்டில் இருக்கிறது.

இன்னொன்று. சம்பவம் என்று ஏதாவது நடந்தால், அன்றைக்கே அந்த நேரத்துப் பதிவை வெளியே எடுத்து ரெண்டு பிரதி வையுங்கள். பெட்டிக்கு நன்றி, விசுவாசம் எல்லாம் கிடையாது. முப்பத்து அஞ்சாம் நாள் அழித்துவிடும். போனில் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவது வம்புக்கு ஆகும், கோர்ட்டுக்கு ஆகாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியம், 63-வது பிரிவு, இந்த மாதிரிப் பதிவுக்கு ஒரு சான்றிதழ் கேட்கிறது. அதில் 'ஹாஷ்' என்று ஒரு எண் குறிக்க வேண்டும். அது அந்த ஃபைலின் கட்டை விரல் ரேகை. உள்ளே ஒரு புள்ளியை மாற்றினாலும் ரேகை முழுசாக மாறிவிடும்.

* * *

ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து திரும்பின ராத்திரி அசோஸியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன்: 'பதிவை யாரும் அழிக்கவில்லை. டிஸ்க் மூன்று நாளுக்குத்தான் போதும். அது நான் கொடுத்தது. தவறு என்னுடையது.' கணக்கையும் போட்டேன். பதினோரு பேர் கட்டை விரலை உயர்த்தினார்கள். முதல் மாடி, 'நான் அப்பவே நினைச்சேன்' என்று போட்டிருந்தார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள் மனைவி. பதில் இல்லை. ஃப்ரிஜ்ஜைத் திறந்து மூடினேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த ரெண்டாம் நாள் சாயங்காலம், கேட் வழியாக ஒரு சைக்கிள் உள்ளே வந்தது. கியர் சைக்கிள். ஓட்டி வந்தவன் பேங்க் மேனேஜர் மகனின் கிளாஸ்மேட்.

"தேங்க்ஸ் அங்கிள், லீவுக்கு வாங்கிட்டுப் போனேன், அவன்கிட்ட குடுத்துருங்க."

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், மேனேஜர் மகனே தள்ளிக்கொண்டு போய் கேட்டில் கொடுத்திருக்கிறான். யாருக்கும் சைக்கிளைக் கொடுக்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. அதனால் வாயைத் திறக்கவில்லை. அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

பதினோரு நாள் பதிவு இருந்திருந்தால் அஞ்சு நிமிஷத்தில் முடிந்திருக்கும் விஷயம்.

பெரியவரைத் தேடினேன். செல்போன் ஸ்விட்ச் ஆஃப். தண்ணி லாரி டிரைவர்தான் சொன்னார்: குரோம்பேட்டைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் இருக்கிறாராம்.

போனேன். அதே காக்கிச் சட்டை, புது விசில். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"உக்காருங்க" என்றேன். சைக்கிள் கதையைச் சொன்னேன். டிஸ்க் கதையையும் சொன்னேன். அந்த பில்லை எடுத்துக் காட்டிக் கணக்கை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். லாரி லிட்டர் கணக்கு எழுதுகிறவர்; புரிந்துகொள்ள எனக்கு ஆன நேரம்கூட ஆகவில்லை.

"மன்னிச்சுருங்க. திரும்ப வந்துருங்க. சம்பளம் கூடப் போட்டுக் குடுக்கறோம்."

"இருக்கட்டும் ஸார். இங்க சாப்பாடு குடுக்கறாங்க. முகூர்த்த நாள்ல பாயசம்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். காசு கொடுக்க விடவில்லை. கிளம்பும்போது, மண்டப வாசல் தூணில் இருந்த கேமராவை அண்ணாந்து பார்த்தேன், பழக்கதோஷம்.

பெரியவர் அதைக் கவனித்தார்.

"நாப்பத்தஞ்சு நாள் நிக்குமாம் ஸார்" என்றார். "அதைக் கேட்டுக்கினுதான் வேலைக்கே சேந்தேன்."